ஆமைக்குட்டிக்கு ஜன்னலோர வெயில் போதாது

காதோரம் சிவப்புக் கோடு போட்ட பச்சை ஆமைக்குட்டியை வண்ணமீன் கடையில் வாங்கிவந்து மீன்தொட்டியில் விடுகிறவர்கள் அநேகம். தண்ணீர், தீனி எல்லாம் சரி, தொட்டியும் ஜன்னலோரம்தான். ஆனாலும் சில மாதத்தில் ஓட்டின் விளிம்பை லேசாக அழுத்தினால் நமுத்த அப்பளம் மாதிரி வளையும். காரணம், கண்ணாடி. கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அது உருவாக வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுசாகவே மறித்துவிடும்.

காலை இளவெயிலில் அகலமான பிளாஸ்டிக் டப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் பால்கனியில் வையுங்கள். பாதி டப்புக்கு நிழல் கட்டாயம், இல்லாவிட்டால் சூட்டிலேயே செத்துப்போகும். மேலே வலையும் போடுங்கள், காக்கா சும்மா விடாது. வெயிலே வராத வீடு என்றால் யூவிபி விளக்குதான். அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துபோகும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றணும். தொட்டிக்குள் ஏறி உடம்பு முழுக்கக் காய ஒரு கல் வேண்டும். காய்ந்த இறால் மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள்.

இது 25 செ.மீ. வரை வளரும், 20 வருடத்துக்கு மேலும் வாழும். அலுத்துப்போச்சு என்று ஏரியில் விடவே கூடாது. அமெரிக்க இனம், நம்மூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நட்சத்திர ஆமையோ, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வாங்குவதே குற்றம். ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கும். தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவவும் வேண்டாம்.