பார்சல் தொலைந்தால் யார் பொறுப்பு? புக்கிங் கவுண்டரில் தொடங்கும் தவறுகள்

மதுரை விளக்குத்தூண் ஜவுளிக் கடைகளில் இருந்து மூட்டை மூட்டையாகச் சுங்குடிச் சேலை வெளியூர் போகிறது. வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் பெண்கள் தினமும் சாயங்காலம் கூரியர் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். திருமங்கலத்திலும் மேலூரிலும் இருந்து பிள்ளைகள் படிக்கும் ஊருக்கு லேப்டாப்பும் சான்றிதழும் போகின்றன. பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுவதால், ரசீதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. ஒன்று தொலைந்த பிறகுதான் யார் பொறுப்பு என்று கேட்கிறோம். அதற்கான பதிலில் பெரும்பகுதி புக்கிங் செய்த அன்றே அந்த ரசீதில் எழுதப்பட்டிருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, மதிப்பை மறைப்பது. கூரியர் ரசீதில் பொருளின் மதிப்புக்கு ஒரு சின்னக் கட்டம் உண்டு. “உள்ள என்னண்ணே?” என்று கவுண்டரில் கேட்பார்கள். “துணிதான் தம்பி” என்போம். கட்டத்தில் 500 என்று விழும், அல்லது காலியாகவே கிடக்கும். உள்ளே இருப்பதோ 28,000 ரூபாய் போன். உண்மையைச் சொன்னால் கூடக் காசு கேட்பார்கள், பில் கேட்பார்கள் என்ற தயக்கம்தான் காரணம்.

2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் லாரி சர்வீஸுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். வீடு தேடி வரும் கூரியர் நிறுவனங்களையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பொருள் தொலைந்தால் அவர்களுடைய அலட்சியத்தை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. இது நமக்குச் சாதகம். ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு 2011-ஆம் ஆண்டு விதிகளில் ஒரு வரம்பு இருக்கிறது: கட்டிய கட்டணத்தைப் போல் பத்து மடங்கு, அதுவும் ரசீதில் எழுதிய மதிப்பைத் தாண்டாமல். 150 ரூபாய் கட்டியிருந்தால் அதிகபட்சம் 1,500. மதிப்பை 500 என்று எழுதியிருந்தால் அந்த 500-தான். முழு மதிப்பும் வேண்டுமென்றால், உள்ளபடி எழுதி, கூடுதல் ரிஸ்க் கட்டணமும் கட்டி அனுப்பியிருக்க வேண்டும். அந்தக் கட்டணம் பொருளின் விலையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சிறியதுதான். அதை மிச்சம் பிடிக்கப் போய் 28,000-ஐ இழப்பது நியாயமே இல்லை.

ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளும் முக்கியம். கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட இழப்பீட்டு வரம்பு அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்று 1996-லேயே ஒரு கூரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்தே வாங்காமல், விளக்கியும் சொல்லாமல் அச்சடித்து மட்டும் வைத்திருந்த வரம்புகளை நுகர்வோர் ஆணையங்கள் ஏற்காத தீர்ப்புகளும் இருக்கின்றன. அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று அவசரப்பட வேண்டாம்.

தபாலில் கணக்கே வேறு. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ள 2023-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டப்படி, விதிகளில் சொன்ன அளவுக்கு மட்டுமே தபால் துறை பொறுப்பேற்கும். ஊழியர் மோசடி செய்தாலோ வேண்டுமென்றே தொலைத்தாலோ தவிர, அவரைத் தனிப்பட்ட முறையில் பிடிக்க முடியாது. இன்சூர் செய்யாத ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால், கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் வழக்கமான இழப்பீடு. ஆகவே விலை உயர்ந்த பொருள் என்றால் உண்மையான மதிப்புக்கு இன்சூர் செய்தே அனுப்புங்கள். நகையைச் சேலை மடிப்புக்குள் வைத்து ‘துணி’ என்று கூரியரில் போடுவது எல்லாவற்றையும் விட ஆபத்து. பல கூரியர் நிறுவனங்களின் நிபந்தனைகளில் பணமும் தங்கமும் தடை செய்யப்பட்ட பொருள்கள். தொலைந்த பிறகு “உள்ளே ரெண்டு பவுன் இருந்துச்சு” என்றால், பொய் சொல்லி அனுப்பியது நாம் என்பதுதான் முதல் கேள்வியாக வந்து நிற்கும்.

மதுரை ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மதிப்பை அறிவித்து, அதற்குரிய சதவீதக் கட்டணத்தைக் கட்டாவிட்டால் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய்தான். பத்து கிலோ பட்டுச் சேலைக்கு 500 ரூபாய். இழப்பீடு கேட்கும் கடிதத்தையும் ஒப்படைத்த 6 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ் டிரைவர் கையில் கவரைக் கொடுத்து, பஸ் நம்பரையும் அவர் செல் நம்பரையும் வாங்கிக்கொண்டு வருவதும் இங்கே சகஜம். விடிகாலையில் போய்ச் சேர்ந்துவிடும் என்ற வசதிக்காகச் செய்கிறோம். ரசீது இல்லாத இடத்தில் சட்டம் பேச ஒன்றுமே இல்லை. நேந்திரம் சிப்ஸுக்குச் சரி. ஒரிஜினல் மார்க் ஷீட்டை அப்படி அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அடுத்தது, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் நடுவில் நடக்கும் இழுபறி. “நான் கூரியர்ல போட்டுட்டேன், டிராக்கிங் நம்பரும் குடுத்துட்டேன், இனி நீங்க அவங்ககிட்ட பேசிக்கங்க” என்று விற்பவர் சொல்வதும், வாங்கியவர் அதை நம்பிக் கூரியர் ஆபீஸுக்கு நடையாய் நடப்பதும் தவறு. கூரியருக்குப் பணம் கட்டி ஒப்பந்தம் போட்டது விற்றவர். வாங்கியவர் பணம் கொடுத்தது விற்றவரிடம். வாங்கியவர் முதலில் விற்றவரைக் கேட்க வேண்டும், விற்றவர் கூரியரைக் கேட்க வேண்டும்.

கூரியரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகப் பொதுவாகக் கருதலாம் என்று 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 39-வது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அதே பிரிவு, பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டில் அனுப்ப வேண்டிய கடமையை விற்பவர் மேல் வைக்கிறது. 15,000 ரூபாய் பட்டுச் சேலையை மதிப்பே எழுதாமல் 90 ரூபாய் கவரில் போட்டுவிட்டால், ‘என்னிடம் ஒப்படைத்ததாக இதை ஏற்க மாட்டேன்’ என்று சொல்ல வாங்கியவருக்கு உரிமை உண்டு. இணையக் கடைகளில் வாங்கியிருந்தால் இன்னும் எளிது: 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

பொருள் வந்து சேரும் இடத்தில் செய்யும் தவறுகளும் கொஞ்சநஞ்சமல்ல. வேலையாக இருக்கும்போது போன் வந்தால் “பக்கத்துக் கடையில குடுத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிடுகிறோம்; அதற்கப்புறம் அது தொலைந்தால், நீங்கள் சொன்ன ஆளிடம் கொடுத்துவிட்டோம் என்று அவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். பார்சல் கைக்கு வரும் முன்பு ஓடிபி சொல்லவே கூடாது. ஓடிபி சொன்னால் வாங்கிவிட்டதாகத்தான் பதிவாகும்.

டேப் கிழிந்தோ வேறு நிறத்தில் மறுபடி ஒட்டியோ பார்சல் வந்தால் எடையைப் பாருங்கள். புக்கிங் ரசீதில் எடை இருக்கும். 1 கிலோ 240 கிராம் என்று போட்ட பெட்டி 700 கிராம் இருந்தால், வழியில் எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. தெரு முனை மளிகைக் கடைத் தராசில் வைத்து, எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘சேதமான நிலையில், எடை குறைவாகப் பெறப்பட்டது’ என்று எழுதுங்கள். அனுப்புபவரும் பேக் செய்யும்போதே பொருள், சீரியல் நம்பர், எடை மூன்றையும் போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

வாங்காமலேயே ‘டெலிவர்டு’ என்று காட்டினால் டெலிவரிச் சான்றை எழுத்தில் கேளுங்கள். யார் கையெழுத்து, எந்த நேரம், எந்த நம்பருக்கு ஓடிபி போனது என்பதைக் காட்ட வேண்டியது அவர்கள் வேலை. கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி, முதலில் வருவதைக் கூப்பிடாதீர்கள். போலி ஆட்கள் ஐந்து ரூபாய் கட்டச் சொல்லி லிங்க் அனுப்பி வங்கிக் கணக்கையே துடைத்துவிடுகிறார்கள். ரசீதில் அச்சிட்டிருக்கும் நம்பர் மட்டும் போதும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

“நாளைக்கு வந்துரும் சார்” என்ற பதிலை நம்பி வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் நல்ல கேஸையும் கெடுக்கிறது. புக்கிங் செய்த நாளில் இருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுக்காவிட்டால், 2007 சட்டப்படி கூரியர் மேலோ லாரி சர்வீஸ் மேலோ வழக்கே போட முடியாது. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடம் அவகாசம். அந்த 2 வருடத்தை நினைத்து 180 நாளைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். திருட்டு என்று சந்தேகம் இருந்தால் போலீஸில் மனு கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். தொலைந்தது செல்போன் என்றால் அந்தப் புகார் நகலை வைத்து தொலைந்த போன்களை முடக்குவதற்கான அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அதன் ஐஎம்இஐ (போனுக்குரிய தனி அடையாள) எண்ணை முடக்கலாம்.

அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால், அனுப்பியது எந்த ஊருக்கு என்றாலும், நீங்கள் வசிப்பது மதுரை மாவட்டம் என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வியாபாரத்துக்காக அனுப்பியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று எதிர்தரப்பு வாதாடும். வீட்டில் இருந்தபடி பிழைப்புக்காகத் தானே சேலை விற்கும் பெண்ணுக்கு அந்த வாதம் பொருந்தாது. சுயதொழிலுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. வாங்கியவர் மனுப் போடுவதாக இருந்தால் விற்றவர், கூரியர் நிறுவனத்தின் தலைமை அலுவலகம், புக்கிங் செய்த கிளை மூன்றையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரை விட்டாலும், மற்றவர்கள் பொறுப்பை அவர் மேல் தள்ளிவிடுவார்கள்.