பறக்கும் தட்டுச் சாட்சியங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு வருடம் ஆவதற்குள் அமெரிக்க வானத்தில் தட்டுகள் பறக்க ஆரம்பித்துவிட்டன. 1947 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படை பதிவு செய்து வைத்த சம்பவங்கள் மட்டும் 12,618. இவற்றைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "பைலட்டே பார்த்திருக்கிறார், அப்புறம் என்ன?" என்று கேட்கும். இன்னொரு கட்சி, கண்ணால் கண்டதும் பொய் என்று பழமொழியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

இரண்டுமே எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. கார் சக்கரத்தின் மூடியை வீசிப் படம் எடுத்த குறும்புக்காரர்கள் இருந்தார்கள்தான். ஆனால் அவர்கள் சிறுபான்மை. சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் உண்மையிலேயே எதையோ பார்த்தார்கள், பார்த்ததாக நினைத்ததை நேர்மையாகச் சொன்னார்கள். சிக்கல் பெரும்பாலும் அந்த வாக்குமூலத்தைப் படிக்கிற நம்மிடம்தான் இருக்கிறது.

பார்த்ததையும் கணக்குப் போட்டதையும் ஒன்றாகச் சேர்ப்பது

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

1947 ஜூன் 24, பிற்பகல் மூன்று மணி ஆகப்போகிற நேரம். ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த கென்னத் ஆர்னால்ட் தீயணைப்புக் கருவிகள் விற்பவர். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருந்தார். வாஷிங்டன் மாநில மலைப்பகுதியில் காணாமல்போயிருந்த ராணுவப் போக்குவரத்து விமானத்தைக் கண்டுபிடித்தால் 5,000 டாலர் பரிசு என்றிருந்தது. போகிற வழிதானே என்று மவுண்ட் ரெய்னியர் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார். பளீரென்று ஒரு வெளிச்சம். திரும்பிப் பார்த்தால் ஒன்பது பொருள்கள் வரிசையாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியில் விழும் பிரதிபலிப்போ என்று ஜன்னலைத் திறந்தும் பார்த்தார். அவை அப்படியேதான் தெரிந்தன. விமானத்தில் இருந்த கடிகாரத்தை வைத்து, ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலை வரை கடக்க அவை எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்தார்: 1 நிமிடம் 42 விநாடி.

இரண்டு மலைகளுக்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 2,600 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அன்றைய விமான வேகச் சாதனை, அதுவும் ஐந்து நாள் முன்புதான் படைத்தது, மணிக்கு 1,004 கிலோமீட்டர். அமெரிக்க விமானி சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியதே அந்த வருடம் அக்டோபரில்தான். ஆக, மனிதர்கள் செய்த எதுவும் அப்படிப் பறந்திருக்க முடியாது. கதை இங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறது.

சரி, இதில் அளந்தது எது? 102 விநாடி மட்டும்தான். 75 கிலோமீட்டர் என்ற கணக்கு, அவை அந்த மலைத்தொடரை ஒட்டியே பறந்தால்தான் செல்லும். மலைக்கும் ஆர்னால்டுக்கும் நடுவில், பாதித் தூரத்தில் பறந்திருந்தால் வேகமும் பாதியாகிவிடும். அவை ஒரு சிகரத்துக்குப் பின்னால் மறைந்து வெளிப்பட்டதாக அவர் சொன்னார். அதை வைத்து 20, 25 மைல் தள்ளி இருந்திருக்கும் என்று கணித்தார். முறையான யோசனைதான், குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒவ்வொன்றும் 45, 50 அடி நீளம் இருக்கும் என்றும் சொன்னார். இங்கேதான் இடிக்கிறது. அவ்வளவு சிறிய பொருள் அத்தனை தூரத்தில் முழு நிலவின் அகலத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் தெரியும். மனிதக் கண்ணுக்கு அது வெறும் புள்ளி. ஆர்னால்டோ முன்பக்கம் வளைவு, பின்பக்கம் குறுகல் என்று வடிவத்தையே வரைந்து கொடுத்திருந்தார். விமானப்படைக்கு ஆலோசகராக இருந்த ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர் ஆலன் ஹைனெக் இதைப் பிடித்தார். அளவு சரியென்றால் தூரம் தப்பு. தூரம் சரியென்றால் அளவு தப்பு. அருகில்தான் இருந்தன என்று வைத்துக்கொண்டால் வேகம் சாதாரண விமான வேகத்துக்கு இறங்கிவிடும்.

இதனால் ஆர்னால்ட் பொய்யர் ஆகிவிடவில்லை. என்ன பார்த்தார் என்று பறவைக் கூட்டம், கானல் தோற்றம் எனப் பலரும் பல விளக்கம் கொடுத்தாயிற்று, ஒன்றும் முழுசாகப் பொருந்தவில்லை. ஆனால் 2,600 கிலோமீட்டர் என்ற எண்ணைப் பார்த்த உண்மை மாதிரி தூக்கிக்கொண்டு திரிவது தப்பு. அது கணக்கு. அதுவும் ஓர் ஊகத்தின் மேல் போட்ட கணக்கு.

அளவு விஷயம் இன்னும் மோசம். வெறும் வானத்தில் ஒரு பொருள் தனியாக இருந்தால் அதன் தூரம் கண்ணுக்குத் தெரியாது. தூரம் தெரியாமல் "வீடு அளவு இருந்தது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. விமானப்படைக்கே இது தெரிந்திருந்தது. அவர்கள் சாட்சிகளிடம் கொடுத்த படிவத்தில், கையை நீட்டிப் பிடித்தால் எந்தப் பொருளின் அளவில் தெரிந்தது என்று ஒரு கேள்வி உண்டு. குண்டூசித் தலை, பட்டாணி, காசு வகைகள், பேஸ்பால், கூடைப்பந்து என்று பட்டியலே போட்டிருப்பார்கள். இன்று இரவே சோதித்துப் பார்க்கலாம்: கையை நீட்டி ஒரு பட்டாணியைப் பிடித்தால் முழு நிலவு மறைந்துவிடும். "பேஸ்பால் அளவு" என்று ஒருவர் டிக் அடித்திருந்தால், அவர் வானத்தில் நிலவைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் அகலமான ஒன்றைப் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் அது சாத்தியமில்லை.

சாட்சிகளைத் தலை எண்ணிக் கூட்டுவது

"ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, 1947 ஜூலையில் நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். எல்லாருக்குமா கண் கெட்டுப்போனது?" இது அடிக்கடி வரும் கேள்வி.

ஆர்னால்ட் வரைந்தது முழு வட்டமே இல்லை, காலணியின் அடிக்குதிகால் மாதிரி ஒரு வடிவம். தண்ணீரின் மேல் வீசிய தட்டு தத்திப் போவதைப் போல அவை போயின என்று நகர்வைத்தான் தான் சொன்னதாகப் பின்னாளில் விளக்கினார். பத்திரிகைகளில் அது பறக்கும் தட்டு என்று ஆகிவிட்டது. அப்புறம் மற்றவர்கள் பார்த்ததெல்லாம் வட்டத் தட்டு! ஆகஸ்டில் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பறக்கும் தட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். செய்தி படித்த பிறகு வானத்தைப் பார்ப்பவர்கள் தனித்தனிச் சாட்சிகள் ஆகமாட்டார்கள். ஒரே செய்தியைப் படித்த கூட்டம் அது.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 1946-ல், ஸ்வீடனில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கேயும் மக்கள் வானத்தில் மர்மப் பொருள்களைப் பார்த்தார்கள், ஏறக்குறைய இரண்டாயிரம் தகவல்கள் குவிந்தன. ஆனால் அங்கே தெரிந்தவை தட்டுகள் இல்லை, ராக்கெட்டுகள். போர்க்காலத்தில் ஜெர்மனியின் வி-2 ராக்கெட் ஒன்று ஸ்வீடனுக்குள்ளேயே வந்து விழுந்திருந்தது. அந்த ராக்கெட்டைச் செய்த ஜெர்மானிய ஊரான பீனமுண்டே அப்போது சோவியத் கையில். மனதில் எது பயமாக இருந்ததோ அந்த வடிவம்தான் வானத்தில் தெரிந்தது. ஆகஸ்டில் பெர்சியட் எரிகற்கள் பொழிகிற நாட்களில் தகவல்களும் எகிறின.

"பைலட் தப்புப் பண்ணுவாரா?"

பண்ணுவார். ஆயிரக்கணக்கான பதிவுகளை அலசிய ஹைனெக், விமானிகள் மற்ற சிலரைவிட அதிகமாகவே ஏமாந்திருக்கிறார்கள் என்று பின்னாளில் எழுதினார். கேட்க வியப்பாக இருக்கும். யோசித்தால் நியாயம்தான். எதிரே ஏதோ வெளிச்சம் வந்தால், அது மோத வரும் விமானம் என்று எடுத்துக்கொண்டு ஒதுங்குவதுதான் விமானியின் பயிற்சி. எரிகல்லா என்று ஆற அமர யோசிப்பவர் அந்த வேலைக்கு லாயக்கில்லை.

1948 ஜூலை 24 அதிகாலை 2:45. அலபாமாவில் மாண்ட்கமரி அருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த சைல்ஸ், விட்டெட் இருவரும் சுருட்டு வடிவத்தில் ஒரு கலம் தங்களைக் கடந்ததைப் பார்த்தார்கள். இரண்டு வரிசை ஜன்னல்கள், பின்னால் நெருப்பு. விமானத்தில் விழித்திருந்த ஒரே பயணி பார்த்தது ஒரு வெளிச்சக் கீற்று மட்டும்தான். விமானிகள் இருவரும் வரைந்த படங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எல்லாமே சில விநாடிக் காட்சி.

இது எரிகல்லாக இருக்கலாம் என்று சொன்னபோது, எரிகல்லுக்கு ஏது ஜன்னல் என்று கேட்டார்கள். இருபது வருடம் கழித்துத்தான் இதற்குப் பதில் மாதிரி ஒன்று கிடைத்தது. 1968 மார்ச் 3 இரவு, சோவியத் விண்கலமான ஸோண்ட் 4-ன் ஏவலோடு தொடர்புடைய சிதறல்கள் அமெரிக்காவின் மேல் எரிந்துகொண்டே போயின. என்ன பொருள் என்று திட்டவட்டமாகத் தெரிந்த சம்பவம். அதைப் பார்த்தவர்களில் சிலர் எழுதி அனுப்பியது என்ன தெரியுமா? சுருட்டு வடிவக் கலம், வெளிச்சம் தெரியும் ஜன்னல்கள். இருட்டில் வரிசையாக நாலைந்து ஒளிப்புள்ளிகள் போனால், நடுவே இருக்கும் உடலை மனசே கட்டிக் கொடுத்துவிடுகிறது.

அதிகாரிகள் உளறினால் வேற்றுக்கிரகம்தான் என்று முடிவுகட்டுவது

1948 ஜனவரி 7. கென்டக்கியில் காட்மன் விமானத்தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு வெண்மையான பொருள் தெரிகிறது. அந்தப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்த தேசியக் காவல்படை மஸ்டாங் விமானங்களைப் பார்த்துவரச் சொல்கிறார்கள். தலைவர் கேப்டன் தாமஸ் மேன்டெல், வயது 25. ஆக்சிஜன் இல்லாமலே உயரே ஏறுகிறார். கூட வந்தவர்கள் திரும்பிவிட, இவர் 20,000 அடிக்கு மேலும் ஏறிக்கொண்டே போகிறார். விமானம் பிராங்க்ளின் என்ற ஊருக்கு அருகே விழுந்து நொறுங்குகிறது.

அவர் துரத்தியது வெள்ளிக் கிரகம் என்றது விமானப்படை. பட்டப்பகலில் மங்கலான ஊசிமுனையாகத் தெரியக்கூடிய வெள்ளியை ஒரு பட்டாளமே பார்த்து மிரண்டதா? யாரும் நம்பவில்லை, நம்பாததும் சரிதான். அந்த விளக்கம் ஓட்டையானது. ஆனால் அங்கிருந்து ஒரே தாவாக "எதையோ மறைக்கிறார்கள், எனவே வேற்றுக்கிரகம்" என்று போனார்கள்.

மறைத்தது என்னவோ உண்மை. கடற்படை அப்போது ஸ்கைஹுக் என்ற பெயரில் ராட்சத பிளாஸ்டிக் பலூன்களை ரகசியமாக விட்டுக்கொண்டிருந்தது. சுமார் 30 மீட்டர் அகலம், 30 கிலோமீட்டர் உயரம் வரை போகும், வெயிலில் உலோகம் மாதிரி மின்னும். மேன்டெலுக்கும் தெரியாது, விசாரித்த விமானப்படை அதிகாரிகளுக்கும் தெரியாது. சில வருடம் கழித்து, விசாரணைப் பிரிவின் தலைவராக வந்த எட்வர்ட் ரப்பெல்ட்தான் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பது இதைத்தான்.

நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் கதையும் இதே வகை. 1947 ஜூலை 8 அன்று தட்டு கிடைத்துவிட்டது என்று ராணுவ முகாமே அறிக்கை விட்டு, உடனே வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னது. உண்மையில் அது சோவியத் அணுகுண்டுச் சோதனையின் ஒலியை உயரத்திலிருந்து ஒட்டுக்கேட்கும் மோகல் திட்டத்தின் பலூன் தொடர் என்று 1994-ல் விமானப்படை சொன்னது. 1955-லிருந்து யு-2 உளவு விமானம் வேறு, அன்றைய பயணிகள் விமானங்களைவிட மும்மடங்கு உயரத்தில், அந்திவெயிலில் பளபளத்துக்கொண்டு பறந்தது. அதைப் பார்த்துத் தகவல் கொடுத்தவருக்கு அரசாங்கம் நிஜமான பதிலைச் சொல்லியிருக்கவே முடியாது.

ரேடார் பற்றியும் ஒரு வார்த்தை. 1952 ஜூலையில் அடுத்தடுத்து இரண்டு வார இறுதிகளில் தலைநகர் வாஷிங்டனின் விமான நிலைய ரேடாரில் மர்மப் புள்ளிகள் தெரிந்தன. "இயந்திரத்துக்கு என்ன பிரமை?" என்பார்கள். தரையோரம் குளிர்ந்த காற்றும் அதன்மேல் சூடான காற்றும் அடுக்காக நின்றால் ரேடார் அலை வளையும், தரையில் இருப்பதெல்லாம் வானத்தில் புள்ளியாகத் தெரியும். அந்த இரவுகளில் அப்படிப்பட்ட வானிலைதான் இருந்தது.

தாமதமாகச் சொன்னதையும் அன்றே சொன்னதையும் ஒரே தட்டில் வைப்பது

ராஸ்வெல் பற்றி 1947 ஜூலையில் வந்த செய்தியில், பொருள்களைக் கண்டெடுத்த பண்ணைக்காரர் சொன்னவை: ரப்பர் துண்டுகள், ஈயத்தாள், கெட்டித்தாள், குச்சிகள், பூப்போட்ட ஒட்டுநாடா. வேற்றுக்கிரகவாசிகளின் உடல்கள் வந்தது 1978-க்குப் பிறகு கிளம்பிய பேட்டிகளில். முப்பது வருட இடைவெளி.

அவ்வளவு கூட வேண்டாம், நாலே வருடம் போதும். ஜார்ஜியாவில் லியரி என்ற ஊரில் லயன்ஸ் கிளப் கூட்டத்துக்குப் போனபோது ஓர் ஒளியைப் பார்த்ததாக 1973-ல் ஜிம்மி கார்ட்டர் படிவம் நிரப்பிக் கொடுத்தார். 1969 அக்டோபர் என்று எழுதியிருந்தார். கிளப் பதிவேட்டைப் புரட்டியபோது அந்தக் கூட்டம் நடந்தது 1969 ஜனவரி 6. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர், பொறியியல் படித்தவர். தேதி சரியானதும்தான், அந்த மாலை மேற்கு வானத்தில் வெள்ளி பிரகாசமாக இருந்தது தெரியவந்தது. அவர் பார்த்தது அதுதானா என்பதில் இன்றும் வாதம் உண்டு. ஆனால் அக்டோபர் என்றே வைத்திருந்தால் வானத்தில் எதையும் தேடியே இருக்க முடியாது. அதனால் எந்தச் சம்பவத்தைப் படித்தாலும், முதல் பதிவு எப்போது எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

மிச்சமிருப்பதை வைத்து இரண்டு கட்சியும் ஆடும் ஆட்டம்

அந்த 12,618-ல் கடைசிவரை அடையாளம் தெரியாதவை 701. ஒரு கட்சிக்கு அது 701 விண்கலம். இன்னொரு கட்சிக்கு அது "தகவல் பத்தாத கேஸ்கள்". இரண்டாவது கட்சி சொல்வதும் முழுச் சரியில்லை, ஏனென்றால் தகவல் போதாதவற்றுக்கு விமானப்படை தனி வகையே வைத்திருந்தது.

1955-ல் பேட்டல் ஆய்வு நிறுவனத்தின் புள்ளிவிவரப் பகுப்பாய்வை விமானப்படை வெளியிட்டது. 3,201 சம்பவங்கள். அதில் மிகத் தரமானவை என்று குறிக்கப்பட்ட பதிவுகளில் மூன்றில் ஒரு பங்கு அடையாளம் தெரியாதவை. தரம் குறைந்தவற்றிலோ அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நம்புகிறவர்கள் விடாமல் காட்டும் எண் இது. காட்டலாம், நிஜமான எண்தான். ஆனால் தரம் எப்படிப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாட்சியின் அனுபவமும் மதிப்பெண்ணில் ஒரு பகுதி. வர்ணனை முரண் இல்லாமல் கோர்வையாக இருந்தால் இன்னும் கொஞ்சம். அந்தக் கணக்கில் சைல்ஸ், விட்டெட் மாதிரி அனுபவமுள்ள விமானிகளுக்கு நல்ல மதிப்பெண் விழும், வெளிச்சக் கீற்றை மட்டும் பார்த்த பயணிக்கு விழாது.