ஆன்லைன் சர்வேக்குக் காசு கொடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் தோழி ஒருத்தி, கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து, நிரப்பும் ஒவ்வொருவருக்கும் 100 ரூபாய் ரீசார்ஜ் என்று அறிவித்து நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டாள். காசு அறிவிக்கும் முன் இரண்டு வாரமாக முப்பதைத் தாண்டாத பதில்கள் மறுநாள் காலை நானூறைத் தொட்டுவிட்டன. சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. பாதிக்கு மேல் நள்ளிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே வந்தவை. 'உங்கள் கருத்தை எழுதவும்' என்ற இடத்தில் ஐம்பது பேர் எழுத்துப் பிசகாமல் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்.

யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய லிங்க்கையும் காசையும் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்று ஃபார்மில் அமைக்கலாம்தான்; ஆனால் ஐந்து ஜிமெயில் வைத்திருப்பவருக்கு அது ஒரு தடையே இல்லை. நிரப்ப எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதையும் கூகுள் ஃபார்ம் பதிவு செய்வதில்லை. ஆளுக்கொரு லிங்க் அனுப்பும் வசதியுள்ள மென்பொருள் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால், பதில்களைச் சரிபார்த்த பிறகே தொகை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

தகுதியை அழைப்பிலேயே உடைத்துச் சொல்வது இன்னொரு தவறு. 'சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும், 200 ரூபாய்' என்றால் அன்றைக்கே ஊரில் பலருக்குச் சர்க்கரை வந்துவிடும். நான்கைந்து நோய்களைப் பட்டியலிட்டு, எது இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டு வடிகட்டுங்கள்.

எப்போது கொடுப்பது? இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தபால் சர்வேக்களைத் தொகுத்துப் பார்த்த சர்ச் என்பவரின் 1993 ஆய்வில், கேள்வித்தாளோடு முன்கூட்டியே வைத்து அனுப்பிய பணம் பதில் விகிதத்தைச் சராசரியாக 19 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நிரப்பி அனுப்பினால் தருகிறோம் என்ற வாக்குறுதியால் சொல்லும்படியான பலன் இல்லை. கையில் காசு வந்த பிறகு சும்மா இருக்க மனசு கேட்பதில்லை, அவ்வளவுதான். மின்னஞ்சலில் நோட்டை வைக்க முடியாது என்பதால் ஆன்லைனில் பெரும்பாலும் வாக்குறுதிதான், பலனும் சின்னது. இணைய ஆய்வுகளைத் தொகுத்த ஆய்வாளர் கோரிட்ஸ் 2006இல் பதில் விகிதத்தில் கண்ட சராசரி உயர்வு 2.8 சதவீதப் புள்ளிகள். முகவரிப் பட்டியல் இருந்தால், சிறு தொகையை உறையில் வைத்து, லிங்க்கைக் கடிதத்தில் அச்சிட்டு அனுப்புவதும் உண்டு. வெளிநாடுகளில் அப்படிச் செய்கிறார்கள்.

குலுக்கலில் பத்துப் பேருக்கு ஆயிரம் என்பது பட்ஜெட்டுக்கு வசதி, ஆனால் எல்லோருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பதைவிடப் பொதுவாக அதன் பலன் குறைவு. லாட்டரிக்கு 2003இல் தடை வந்த மாநிலம் நம் தமிழ்நாடு. குலுக்கல் என்ற சொல்லையே நான் தவிர்ப்பேன்.

அழைப்பின் தொனியையும் கவனியுங்கள். '500 ரூபாய் வெல்லுங்கள்!' என்ற வரியும் ஒரு குட்டி லிங்க்கும் சேர்ந்தால் பார்ப்பவர் மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார். சரியாகத்தான் செய்கிறார். துறை, நெறியாளர் பெயர், கல்லூரி மின்னஞ்சல், ஆகும் நேரம் இவற்றை முதலில் சொல்லிவிட்டுத் தொகையைக் கடைசியில் சொல்லுங்கள். பணம் பெற பின் நம்பரோ க்யூஆர் ஸ்கேனோ தேவையில்லை என்றும் ஒரு வரி சேர்க்கலாம்.

அப்புறம், 'உங்கள் அடையாளம் வெளியாகாது' என்று மேலே எழுதிவிட்டுக் கீழே ரீசார்ஜுக்காக மொபைல் எண் கேட்கும் வேடிக்கை. எண்ணுக்கு இரண்டாவது ஃபார்ம் போட்டு, முதல் ஃபார்மை முடித்ததும் வரும் செய்தியில் அதன் லிங்க்கை வையுங்கள். பதில்கள் சேரும் இரண்டு ஷீட்டிலும் நேரக் குறிப்பு இருக்கும். அதை ஒப்பிட்டால் யார் என்ன சொன்னார் என்று தெரிந்துவிடும், எனவே ஒன்றிலாவது அந்த நேரக் குறிப்பு நெடுவரிசையை நீக்கி, பதில்களின் வரிசையையும் கலைத்துவிடுங்கள்.

தொகையைப் பொறுத்தவரை, ஆசை காட்டி இழுக்கும் அளவுக்குப் போகக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளின் நிலை. மருத்துவ, உடல்நல ஆய்வென்றால் தொகைக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அறிவித்த பிறகு போய் நிற்காதீர்கள்.

தோழி அந்த நானூறையும் தூக்கிப் போட்டுவிட்டாள். சரிபார்த்த பிறகே தொகை என்று அவள் எழுதியிருக்கவில்லை. 'அக்கா, ரீசார்ஜ் இன்னும் வரலையே' என்று இன்றைக்கும் மெசேஜ் வருகிறது.