கொழும்பு ஈரத்தில் இரட்டை லென்ஸ் கமரா: வாங்குவதும் காப்பாற்றுவதும்

பழைய இரட்டை லென்ஸ் கமரா ஒன்று கைக்கு வந்ததும் யாரும் முதலில் செய்வது, மேல் மூடியைத் திறந்து உள்ளே குனிந்து பார்ப்பதுதான். மங்கல் கண்ணாடித் திரையில் காலி வீதி பஸ்ஸும் வெயிலும் சதுரமாக விழும்போது மனம் அங்கேயே போய்விடும். ஆனால் அந்தக் காட்சியைக் காட்டுவது மேல் லென்ஸ். படம் எடுப்பது கீழ் லென்ஸ். மேலே எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் கீழே பூஞ்சணம் படர்ந்திருக்கலாம். நமது ஊர்க் காற்றில் அது சாதாரணம். ஆகவே பார்த்து மயங்கிய பிறகு, விலை பேசுவதற்கு முன்னால், கீழ் லென்ஸை வடிவாகச் சோதியுங்கள்.

அதற்கு ஒரு சின்ன டோர்ச் போதும். பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் வைத்து, அப்பேர்ச்சரை (ஒளி புகும் துவாரத்தை) முழுதாகத் திறந்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி டோர்ச்சைச் சரித்து அடியுங்கள். கிளை விட்டுப் படரும் மெல்லிய வெள்ளை நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். சீராக எங்கும் பால் படிந்ததுபோல் இருந்தால் உள்ளே மங்கல் ஏறியிருக்கிறது. மங்கலைப் பெரும்பாலும் துடைத்து எடுக்கலாம். பூஞ்சணம் லென்ஸின் பூச்சை அரித்துவிட்டால் தழும்பு போகாது. ஓரத்தில் ஒரு சிறு நூல் இருந்தால் நான் வாங்குவேன். நடுவில் படர்ந்திருந்தால், வெளியே எவ்வளவு மினுங்கினாலும் வேண்டாம். இரண்டு மூன்று தூசிப் புள்ளிகள் படத்தில் தெரியாது, அதற்காக மனம் தளர வேண்டாம்.

அடுத்தது ஷட்டர். காதால் கேளுங்கள். ஒரு செக்கனில் வைத்தால் உள்ளே பற்சக்கரம் சீராக உறுமி முடிய வேண்டும். நடுவில் திணறினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பழைய கொம்பூர் ராப்பிட் ஷட்டர்களில் 1/500 வேகத்தை, ஷட்டரின் ஸ்பிரிங்கை இழுப்பதற்கு முன்பே தெரிவு செய்துவிட வேண்டும். இழுத்த பிறகு திருப்பினால் பழுதாகலாம். செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம், பழைய கமராக்களில் அது நடுவழியில் இறுகி ஷட்டரையும் சேர்த்து நிறுத்திவிடும்.

கமரா கீழே விழுந்ததா என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். லென்ஸ்கள் பூட்டிய முன்தட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். போகஸ் குமிழைத் திருப்பி அதை வெளியே கொண்டுவரும்போது உடம்புக்கும் தட்டுக்கும் இடைவெளி நான்கு மூலையிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு போகஸை முடிவிலியில், அதாவது மிகத் தொலைவுக்கான இடத்தில் வைத்துத் தூரத்து உருவம் ஒன்றைப் பாருங்கள். கொழும்பில் இதற்குத் தாமரைக் கோபுரத்தைப் போல வசதி வேறில்லை: 350 மீற்றர் உயரம், பல மொட்டைமாடிகளிலிருந்தும் தெரியும். ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் ட்ரேசிங் பேப்பரை விறைப்பாக ஒட்டி, ஷட்டரைத் திறந்து வைத்து, மேல் திரையிலும் கீழே பேப்பரிலும் கோபுர உச்சி ஒரே நேரத்தில் கூர்மையாகிறதா என்று ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை. ஒரு முழு ரோலின் காசை மிச்சப்படுத்தும்.

எந்தக் கமரா? பிரவுன்ஷ்வைக் நகரின் ஃபிராங்கே அண்ட் ஹைடெக்கே நிறுவனம் 1929இல் ரோலிஃபிளெக்ஸை வெளியிட்ட பிறகு, உலகம் முழுவதும் அதைப் பார்த்துப் பலர் செய்தார்கள். ரோலிஃபிளெக்ஸ் 3.5எஃப், 2.8எஃப் இரண்டும் எல்லோரும் ஆசைப்படுபவை, விலையும் அப்படியே. முதல் கமராவாக நான் சொல்வது ரோலிகோர்ட் அல்லது யாஷிகா டி. இரண்டிலும் சுழற்றும் கைப்பிடி (கிராங்க்) இல்லை, குமிழைத் திருகித்தான் ஃபிலிமை நகர்த்த வேண்டும். பற்சக்கரம் குறைந்தால் பழுதும் குறைவு. யாஷிகா டியில் பிந்தி வந்தவற்றுக்கு நான்கு கண்ணாடித் துண்டுகள் கொண்ட யாஷினோன் லென்ஸ், முந்தியவற்றுக்கு மூன்று துண்டு யாஷிகோர். முன் வளையத்தில் பெயர் இருக்கும், வாசித்துவிட்டு வாங்குங்கள். யாஷிகா மெட் 124ஜி நல்லதுதான், ஆனால் அதன் ஒளி அளக்கும் மீற்றர் இப்போது விற்பனையில் இல்லாத மெர்க்கூரி பற்றரியை நம்பிச் செய்தது. போனில் உள்ள லைட் மீற்றரே போதும். மினோல்டா ஓட்டோகோர்டின் லென்ஸ் என் கண்ணுக்கு மிக அழகு. அதன் போகஸ் நெம்புகோல் இறுகியிருந்தால் மட்டும் அழுத்தாதீர்கள், உடைந்துவிடும்.

இவை எங்கே கிடைக்கும்? இணையத்தில் வாங்கினால் தபால் செலவையும் சுங்கத் தீர்வையையும் முதலே கணக்குப் பாருங்கள். எனக்குப் பிடித்த வழி கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் முன்பு ஸ்டூடியோ நடத்தியவர்களின் வீடுகள். "ஐயா, அந்தக் காலத்துக் கமரா ஏதும் அலுமாரியில் இருக்கா?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். அவசரப்படாதீர்கள். ஒரு பிளேன்ரீ குடித்து, அவர் எடுத்த கலியாணப் படங்களைப் பாருங்கள். அந்தக் கமராவில் என்ன பழுது, எப்போது சரிசெய்தார் என்று விற்பனைப் பக்கத்தில் இல்லாத விவரமெல்லாம் அவர் வாயால் வரும். லென்ஸ் மூடியும் வெயில் மறைப்பும் இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள், பிறகு தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தோல் உறையைக் கழற்றித் தனியே வையுங்கள். பழைய தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதுவே பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் இங்கே வீட்டுக்குள்ளும் துணி காயாது, லென்ஸ் மட்டும் எப்படித் தப்பும்? காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, ஈரமானி, சிலிக்கா ஜெல் போதும். ஈரப்பதம் 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் ஓவனில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். மாதம் ஒருமுறையாவது எல்லா வேகத்திலும் ஷட்டரை இயக்குங்கள், இழுத்து வைத்தபடி விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் முகம்பார்க்கும் கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு மேற்புறத்தில். துணியால் துடைத்தால் பூச்சே வந்துவிடும், ஊதித் தூசி எடுத்தால் போதும்.

படம் எடுக்கும்போது திரையில் இடம் வலமாகத் தெரியும், போகும் ஓட்டோவைப் பின்தொடரக் கை எதிர்ப்பக்கம் திரும்பும். பழக நாளெடுக்கும். ஒரு மீற்றர் கிட்டத்தில் முகத்தை எடுப்பதென்றால், சாதாரண இரட்டை லென்ஸ் கமராக்களில் கட்டம் அமைத்த பிறகு கமராவை 4 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் உயர்த்துங்கள், லென்ஸ்களுக்கிடையிலான தூரம் அவ்வளவு. ரோலிஃபிளெக்ஸ் அதைத் தானே சரிசெய்யும். குனிந்து நிற்பதால் எதிரில் இருப்பவர் தன்னை யாரோ உற்றுப் பார்ப்பதாக உணர்வதில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நான் கேட்டு எடுத்த முகங்களில் அந்த அமைதி இருக்கிறது. வேறு எந்தக் கமராவிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

இந்தக் கமராக்களுக்குப் போடும் 120 ஃபிலிமில் ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். நிழலில் நின்று மாட்டுங்கள். ரோலிஃபிளெக்ஸ் ஓட்டோமெட் வகையானால் ஃபிலிமின் தலைப்பை உருளைகளுக்கு அடியால் விடுங்கள், தடிப்பைத் தொட்டுணர்ந்துதான் அது எண்ணத் தொடங்கும். முடிந்த ரோலை இறுக்கி ஒட்டுங்கள், மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் வேக விடாதீர்கள். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுபவர்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்கக் கூடாது. ஃபிலிம் கழுவும் டி-76 டெவலப்பருக்கு வழமையான வெப்பநிலை 20 பாகை, நமது குழாயில் வருவது அதைவிட மிகச் சூடு. கழுவும் நேரம் மிகக் குறைந்து படம் திட்டுத்திட்டாகும். டெவலப்பர் போத்தலை ஐஸ் போட்ட பேசினுக்குள் நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.