சிறிய சுரங்க நிறுவனத்தின் ஈவுத்தொகைக் கொள்கையை ஆராய்வது எப்படி?

சிறிய சுரங்க நிறுவனம் ஒன்றின் பங்கு 10 சதவீத ஈவுத்தொகை தருவதாகத் தெரிந்தால், அதை வங்கி வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் தோண்டி விற்கும் ஒவ்வொரு டன் தாதுவும் அந்த நிறுவனத்தின் சொத்திலிருந்து கழிகிறது. ஆகவே, கைக்கு வரும் ஈவுத்தொகையில் எவ்வளவு உண்மையான வருமானம், எவ்வளவு நாம் போட்ட முதலே திரும்பி வருவது என்று பிரித்தறிவதுதான் இந்த ஆய்வின் நோக்கம்.

முதலில் ஆண்டறிக்கையில் உள்ள ஈவுத்தொகைக் கொள்கையைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். ஆண்டுதோறும் குறைக்காமல் வழங்குவோம் என்ற வாக்குறுதி சுரங்கத் தொழிலுக்குப் பொருந்துவதில்லை. பல நாடுகளில் பல சுரங்கங்களை நடத்தும் ரியோ டின்டோ, பிஎச்பி ஆகிய நிறுவனங்களே, உலோக விலைகள் சரிந்த நிலையில், 2016 பிப்ரவரியில் அத்தகைய கொள்கையைக் கைவிட்டன. பிஎச்பி அதற்குப் பதிலாக அடிப்படை லாபத்தில் (ஒரு முறை மட்டும் வரும் வரவு செலவுகளை நீக்கிய லாபத்தில்) குறைந்தது 50 சதவீதம் வழங்கும் முறைக்கு மாறியது. ஒரே ஒரு சுரங்கத்தை நம்பியிருக்கும் நிறுவனம் அதைவிட உறுதியான வாக்கைக் கொடுத்தால், அந்த வாக்கை நான் பலமாகக் கருத மாட்டேன். மிஞ்சும் ரொக்கத்தில் இத்தனை சதவீதம் என்று சொல்லும் கொள்கையே சிறிய நிறுவனத்துக்கு நேர்மையானது. அதிலும், எந்தச் செலவுகளைக் கழித்த பிறகு மிஞ்சும் ரொக்கம் என்பதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்து ரொக்க ஓட்ட அறிக்கைக்குச் செல்லுங்கள். செயல்பாடுகளிலிருந்து வந்த ரொக்கத்தில் மூலதனச் செலவையும் வட்டியையும் கடன் தவணையையும் கழித்து, மீதி வழங்கிய ஈவுத்தொகையை ஈடுகட்டுகிறதா என்று குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்கிடுங்கள். தங்கச் சுரங்கமானால், உலகத் தங்கக் கவுன்சில் 2013இல் வகுத்த வழிகாட்டுதலின்படி அவுன்சுக்கான மொத்தப் பராமரிப்புச் செலவை (all-in sustaining cost), அதாவது ஓர் அவுன்சு தங்கத்தை எடுக்கவும் சுரங்கத்தைத் தொடர்ந்து இயக்கவும் ஆகும் செலவை, பல நிறுவனங்கள் வெளியிடுகின்றன. வருமான வரியும் கடன் வட்டியும் அதில் சேர்வதில்லை என்பதால், விலைக்கும் அந்தச் செலவுக்கும் உள்ள இடைவெளி முழுவதையும் பங்குதாரருக்கு உரியதாக எண்ணிவிடக் கூடாது.

இந்த இடைவெளி எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்பதையும் போட்டுப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, விலை 2000, செலவு 1500 என்றால் இடைவெளி 500. விலை 20 சதவீதம் குறைந்து 1600க்கு வந்தால் இடைவெளி வெறும் 100. அதாவது, விலையில் ஐந்தில் ஒரு பங்கு போனால் இடைவெளியில் ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகிறது. நடப்பு விலையில் தாராளமாகத் தோன்றும் ஈவுத்தொகையை இப்படிக் குறைந்த விலையிலும் ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்காமல் பங்கை வாங்க வேண்டாம்.

மூன்றாவதாக, சுரங்கத்தின் ஆயுள். எல்லாவற்றிலும் இதுவே முக்கியம் என்பது என் கருத்து. நிரூபிக்கப்பட்ட, சாத்தியமான தாதுக் கையிருப்பு (லாபகரமாக எடுக்க முடியும் என்று ஆய்வில் காட்டப்பட்ட தாது) 60 லட்சம் டன், ஆண்டுக்குப் பதப்படுத்துவது 10 லட்சம் டன் என்று வைத்துக்கொண்டால், ஆயுள் 6 ஆண்டுகள். பங்கின் விலை 100, ஈவுத்தொகை ஆண்டுக்கு 10 என்றால், அந்த 6 ஆண்டுகளில் கிடைப்பது 60. மீதி 40 புதிய தாதுக் கண்டுபிடிப்பிலிருந்தோ விலை உயர்விலிருந்தோ வர வேண்டும். வராவிட்டால் 10 சதவீதம் என்று தெரிந்தது உண்மையில் நஷ்டம். இந்தக் கணக்கில் கனிம வளம் என்ற தலைப்பில் தரப்படும் பெரிய எண்ணைச் சேர்க்காதீர்கள். அதை லாபகரமாக எடுக்க முடியும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. துளையிட்டுத் தாது தேடும் செலவை வெட்டி ஈவுத்தொகையை உயர்த்தும் நிறுவனம், எதிர்காலத்தை இன்றே பங்கிட்டுக் கொடுக்கிறது.

நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளையும் விட்டுவிட வேண்டாம். சுரங்கத்தை மூடி நிலத்தைச் சீரமைப்பதற்கான ஒதுக்கீடு எவ்வளவு, அதற்கென முடக்கி வைத்த ரொக்கம் எவ்வளவு என்று பாருங்கள். முடக்கிய ரொக்கத்தை ஈவுத்தொகையாக வழங்க இயலாது. கடன் ஒப்பந்தத்தில் ஈவுத்தொகைக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா, சுரங்கம் துணை நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அதில் அரசுக்கோ கூட்டாளிக்கோ பங்கு உண்டா என்பவையும் அங்கேதான் தெரியவரும்.

ஐந்து ஆண்டுகளில் பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் ஈவுத்தொகை கொடுத்து, மறு கையால் புதிய பங்குகளை விற்றுப் பணம் திரட்டும் நிறுவனத்தில், பழைய பங்குதாரரின் உரிமை ஆண்டுதோறும் கரைகிறது. இணையதளங்கள் காட்டும் ஈவுத்தொகை விகிதத்தில் ஒரே முறை வழங்கிய சிறப்பு ஈவுத்தொகையும் கலந்திருக்கக்கூடும். அதை நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். வெளிநாட்டு நிறுவனமானால், அங்கே பிடித்தம் செய்யப்படும் வரியைக் கழித்த தொகையையே வருமானமாகக் கொள்ள வேண்டும்.

பங்கை வாங்கிய பிறகு, புதிய தாதுக் கையிருப்பு அறிக்கை வெளியாகும்போதெல்லாம் ஆயுள் கணக்கைத் திரும்பப் போடுங்கள். அந்த ஆண்டு தோண்டிய அளவுக்குப் புதிய கையிருப்பு சேராமல் ஈவுத்தொகை மட்டும் அப்படியே தொடர்ந்தால், வரும் தொகையில் ஒரு பகுதியை முதல் திரும்பியதாகவே உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.