லிவியாவைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியா கி.பி. 29இல் இறந்தார். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது விஷம்தான். அத்திப்பழத்தில் நஞ்சு தடவிக் கணவரையே கொன்றார், முதல் கணவருக்குப் பிறந்த மகனும் பின்னாள் பேரரசருமான திபேரியஸுக்குப் போட்டியாக வந்தவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டினார் என்று கதை ஓடுகிறது. அதை வரலாறு என்று அப்படியே எழுதிவிடுவதுதான் பெரிய தவறு.

அத்திப்பழக் கதையைச் சொல்பவர் ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. அகஸ்டஸ் இறந்தது கி.பி. 14இல், டியோ எழுதியதோ ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து. அவரே அதைச் சந்தேகப் பேச்சாகத்தான் குறிக்கிறார். அவருக்கு முன்பே பேரரசர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய சுவெட்டோனியஸ், 75 வயது அகஸ்டஸ் வயிற்றுப்போக்கால் நோயுற்று, "நம் மணவாழ்வை மறவாதே" என்று லிவியாவிடம் சொல்லி இறந்தார் என்கிறார். எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது.

சரி, அகஸ்டஸ் வாரிசுகளாகத் தத்தெடுத்த அவருடைய மகள்வழிப் பேரன்கள்? லூசியஸ் கி.பி. 2இல் மசீலியாவில், இன்றைய மார்செய்யில், நோயால் இறந்தார். அவர் அண்ணன் காயஸ் ஆர்மீனியாவில் பட்ட காயம் ஆறாமல் கி.பி. 4இல் இறந்தார். இரண்டுமே ரோமுக்கு வெகு தொலைவில். ஆனால் இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியரான டாசிட்டஸ், 'விதியோ, மாற்றாந்தாய் லிவியாவின் சூழ்ச்சியோ' என்று ஒரு வரி எழுதிவைத்தார். மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று நினைப்பது நம் ஊரில் மட்டுமா? அந்த ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. அப்புறம் 1934இல் வந்த ஓர் ஆங்கில நாவலும், அதை வைத்து 1976இல் பிபிசி எடுத்த தொடரும் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. தொடரில் பார்த்த காட்சியைச் சான்றாகக் காட்டாதீர்கள்.

அதற்காக அவரை ஒன்றும் அறியாத அப்பாவியாக்குவதும் தவறுதான். கி.மு. 35இலேயே ஆண் காப்பாளர் இல்லாமல் தன் சொத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமை பெற்றவர் அவர். கணவரின் உயிலால் 'ஜூலியா அகஸ்டா' என்ற பெயரும் பெற்றார். 'பேரரசி' என்று நாம் வசதிக்காகச் சொல்கிறோம். ரோமில் அப்படி ஒரு பதவி இருக்கவில்லை. இறந்த உடனே தெய்வமாக்கப்பட்டார் என்றும் எழுதிவிடாதீர்கள். திபேரியஸ் தாயின் இறுதிச் சடங்குக்கே வரவில்லை, தெய்வமாக்கவும் விடவில்லை. அதைச் செய்தவர் பின்னர் பேரரசரான பேரன் கிளாடியஸ், கி.பி. 42இல்.

கடைசியாக, நம் கைக்கெட்டும் ஒன்று. கொங்குப் பகுதியில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் திபேரியஸ் வெளியிட்டவை ஏராளம். அவற்றில் ஒரு வகையின் பின்புறம் கையில் கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருப்பார். 'இதுதான் லிவியா' என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. காசில் அவர் பெயர் இல்லை. சுற்றியிருக்கும் எழுத்து, தலைமைக் குரு என்ற திபேரியஸின் பட்டம். அமைதித் தெய்வம் என்று கருதுபவர்களும் இருக்கிறார்கள். படத்தின் கீழே 'அமர்ந்த பெண், லிவியாவாக இருக்கலாம்' என்று எழுதுங்கள், போதும்.