ஜெர்மனிக்கு மாற்றலாகும் அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்கு: பாஸ்போர்ட்டிலிருந்து பயணம் வரை

என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றுகிறார். நாங்கள் ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் பகுதியில் குடியிருக்கிறோம். ராம்ஸ்டைன் விமானப்படைத் தளமும் லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனையும் இங்கேதான் இருக்கின்றன. முதன்முறையாக இங்கு மாற்றலாகி வரவிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நாங்கள் செய்து முடித்த வரிசையிலேயே எழுதுகிறேன். பெட்டி கட்டுவது, விமானச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: உத்தரவில் உங்கள் பெயர் இருக்கிறதா?

மாற்றல் உத்தரவு படைவீரரின் பெயரில் வரும். குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லப் படைப்பிரிவின் தனி ஒப்புதல் வேண்டும். அதற்கு முன் குடும்பத்தினர் அனைவருக்கும் மருத்துவப் பரிசீலனை நடக்கும். ஒப்புதல் கிடைத்ததும் மனைவி, குழந்தைகளின் பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தந்தை பெயரைக் கடைசிப் பெயராகக் கொண்ட நம் வீடுகளில் கணவர், மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்று விதமான கடைசிப் பெயர் இருப்பது சாதாரணம். ஆகவே திருமணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழ்களையும் கப்பலில் அனுப்பாமல் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள்.

படி 2: ஒருவருக்கு இரண்டு பாஸ்போர்ட்

இந்தப் படியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். அரசாங்க உத்தரவின் பேரில் வெளிநாடு செல்லும் குடும்பத்தினருக்குக் கட்டணமில்லாத பாஸ்போர்ட் ஒன்றை அமெரிக்க அரசு தருகிறது. அது பணி தொடர்பான பயணத்துக்கு மட்டுமே உரியது. சுற்றுலாவுக்கும் ஊருக்கும் போவதற்கு நாமே பணம் கட்டி வாங்கும் வழக்கமான பாஸ்போர்ட் தனியாக வேண்டும். ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று பலர் வழக்கமானதைப் புதுப்பிக்காமலேயே வந்துவிடுகிறார்கள். புறப்படும் முன் தளத்திலுள்ள பாஸ்போர்ட் அலுவலகத்தில் இரண்டுக்கும் ஒரே நாளில் விண்ணப்பித்துவிடுவது நல்லது. இரண்டுக்குமே நீல அட்டைதான் என்பதால், கழற்றி மாட்டக்கூடிய வெவ்வேறு நிற உறைகளைப் போட்டு வையுங்கள்.

அடுத்தது படைநிலை ஒப்பந்தச் சான்று. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் இதை 'சோஃபா' என்றே சொல்வார்கள். நேட்டோ நாடுகள் 1951இல் செய்துகொண்ட ஒப்பந்தமும், ஜெர்மனிக்கென 1959இல் கையெழுத்தாகி 1963இல் நடைமுறைக்கு வந்த துணை ஒப்பந்தமும்தான் நாம் இங்கே விசா இல்லாமல் வாழ்வதற்கு அடிப்படை. சாதாரண அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாள் காலத்திலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. ஜெர்மனியில் நமக்கு அந்த வரம்பு பொருந்தாது என்பதைக் காட்டும் ஆதாரம் இந்தச் சான்றுதான்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், வேறொரு ஷெங்கன் நாட்டின் விமான நிலையம் வழியாக வெளியேறும்போது வருகிறது. ஜெர்மனிக்குள் நுழைந்து ஓராண்டு ஆன ஒரு குடும்பம் பாரிஸிலிருந்து லண்டனுக்கோ சென்னைக்கோ பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள குடியேற்ற அதிகாரி பழைய நுழைவுப் பதிவைப் பார்த்து, 90 நாள் எப்போதோ கடந்துவிட்டதே என்று நிறுத்துவார். அவர் கேட்பது நியாயமான கேள்வி. நம் நிலையை விளக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. அந்த நேரத்தில் இரண்டு பாஸ்போர்ட்டுகள், சோஃபா சான்று, குடும்பத்தினர் பெயருள்ள மாற்றல் உத்தரவின் நகல், ராணுவக் குடும்ப அடையாள அட்டை ஆகிய நான்கும் கையில் இருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இவற்றைக் கைபேசியில் படமாக வைத்திருப்பதை நான் ஏற்பதில்லை. காகித நகலாக, ஒவ்வொருவருக்கும் தனி அறையுள்ள மடிப்புக் கோப்பு ஒன்றில் வைப்பதே என் பழக்கம். பயணத்துக்கு முன் சான்றின் காலாவதித் தேதியையும் பாருங்கள். பணிக்காலம் நீட்டிக்கப்பட்டாலும் சான்று தானாக நீளாது.

பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லும். எடுப்பதற்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். கணவரோ மனைவியோ போர்ப்பணிக்காக வேறு நாட்டுக்குப் போயிருக்கும் வேளையில் அது காலாவதியானால் வீட்டிலிருப்பவர் தனியாக ஒன்றும் செய்ய இயலாது. இதற்கென உள்ள டி.எஸ்.-3053 என்ற சம்மதப் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, கையெழுத்திட்டவரின் அடையாள அட்டை நகலுடன் சேர்க்க வேண்டும். அந்தப் படிவத்துக்கு மூன்று மாதமே மதிப்பு என்பதால் ஒன்பது மாதப் பணிக்குப் போகும் முன் வாங்கி வைத்துக்கொண்டால் போதாது. பணிக்காலத்துக்குள் காலாவதியாகும் பாஸ்போர்ட் இருந்தால் அவர் புறப்படும் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

படி 3: சாமான்களும் 230 வோல்ட்டும்

சிறு சரக்கு முதலில் வரும். பெருஞ்சரக்கு கப்பலில் பிறகு வரும். குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றை அமெரிக்காவிலேயே அரசுச் செலவில் கிடங்கில் வைத்துவிட்டு வரலாம். இங்கே தளத்தின் அறைகலன் அலுவலகம் அவற்றை இரவலாகத் தருகிறது.

நம்மவர்களுக்கு உண்மையான கவலை மிக்சியும் கிரைண்டரும்தான். அமெரிக்காவில் வாங்கியவை 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குரியவை. ஜெர்மனியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே கிரைண்டரின் மோட்டார் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், அதிகம் சூடேறும். மிக்சி பெரிதாகப் பாதிக்கப்படாது. ஆனால் 750 வாட் மிக்சிக்குத் தாராளமான திறனுள்ள, மிகக் கனமான மின்மாற்றி வேண்டும். ஊரில் விற்பவை ஏற்கெனவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால், அடுத்த முறை கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு மேசைக் கிரைண்டர் வாங்கி வருவதையே நான் பரிந்துரைப்பேன். நம் உருண்டை மூன்று முள் பிளக் ஜெர்மன் துளையில் பொருந்தாது. எர்த் இணைப்புள்ள அடாப்டர் வாங்குங்கள், எர்த் இல்லாத மலிவானதைத் தொடாதீர்கள்.

படி 4: வீடு

வீட்டு வசதி அலுவலகத்தில் பதிவு செய்யாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள். அவர்கள் தரும் ஒப்பந்தத்தில், திடீர் மாற்றல் வந்தால் முன்கூட்டியே வெளியேறுவதற்கான விதி இருக்கும். விளம்பரத்தில் 'கால்ட்மீட்டே' என்று போட்டிருப்பது வெறும் வாடகை; 'வார்ம்மீட்டே' என்பதில் சூடேற்றும் செலவு முதலியவை சேரும். முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத வெறும் வாடகை என்பது ஜெர்மன் சட்டம். பல வீடுகளில் சமையல் மேடையும் விளக்குகளும்கூட இருக்காது. சாவி வாங்கும் நாளில் மீட்டர் அளவு, எண்ணெய்த் தொட்டியின் மட்டம், சுவரின் ஒவ்வொரு கீறல் ஆகியவற்றை ஒப்படைப்புப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.

தினமும் சன்னல்களை அகலத் திறந்து சில நிமிடம் காற்று மாற்ற வேண்டும். குளிர்காலத்தில் சன்னலை மூடியே வைத்து இட்லியும் ரசமும் சமைத்தால் நீராவி சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். அதற்கான செலவை வீட்டுக்காரர் முன்பணத்தில் கழிப்பார்.

படி 5: வரிவிலக்குப் படிவம்

ஜெர்மனியில் பெரும்பாலான பொருட்களுக்கு 19 விழுக்காடு விற்பனை வரி. தளத்தின் வரிவிலக்கு அலுவலகத்தில் படிவம் வாங்கிக் கடையில் கொடுத்தால் அது கழிக்கப்படும். பணம் கட்டுவதற்கு முன்பே படிவம் கையில் இருக்க வேண்டும்; வாங்கிய பின் கொண்டுபோனால் செல்லாது. ஏற்பதா வேண்டாமா என்பது கடைக்காரரின் விருப்பம் என்பதால் முதலில் கேட்டுவிட்டுப் பொருளைத் தேர்ந்தெடுங்கள். இப்படி வாங்கியதை அக்கம்பக்கத்து ஜெர்மானியருக்கு விற்பது குற்றம்.

படி 6: வண்டியும் பயணமும்

அமெரிக்க உரிமம் மட்டும் போதாது. ராணுவம் தரும் ஐரோப்பிய ஓட்டுநர் உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு உண்டு. குறிப்பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்பதை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ளுங்கள். சிற்றூர்ச் சந்துகளில் விபத்துகள் இதனால்தான் நேர்கின்றன. பனிக்கால டயரில் மலைமுகடும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் வெறும் 'எம்+எஸ்' (சேறும் பனியும்) எழுத்து போதாது.

நெடுந்தூரத்துக்கு என் விருப்பம் ரயில்தான். கைசர்ஸ்லாட்டர்னிலிருந்து பாரிஸுக்கு நேரடி அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ராம்ஸ்டைனிலிருந்து புறப்படும் ராணுவ விமானங்களில் காலி இருக்கை கிடைத்தால் பறக்கலாம் என்பது நல்ல சலுகை; ஆனால் திரும்பும் இருக்கைக்கு உறுதி கிடையாது, பயணச்சீட்டு வாங்கப் பணம் கையிலிருந்தால் மட்டுமே அதை நம்புங்கள். படைவீரர் எந்த நாட்டுக்குப் போவதானாலும் விடுப்போடு, அந்நாட்டுக்கான ராணுவ அனுமதி விதிகளையும் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

பின்சேர்க்கை: இந்தியா போவதைப் பற்றி

இதைப் படித்த சிலர், குடும்பத்தோடு ஊருக்குப் போக ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா செல்ல உதவும் அட்டை) போதுமா என்று கேட்டிருந்தார்கள். வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும், பணியாற்றி ஓய்வுபெற்றவருக்கும் ஓ.சி.ஐ. கிடையாது என்பது இந்திய அரசின் விதி. மனைவியும் குழந்தைகளும் அட்டையில் பயணம் செய்ய, படைவீரர் மட்டும் விசா எடுக்க வேண்டியிருக்கும். விசா விண்ணப்பத்தில் ராணுவப் பணி பற்றிய கேள்வி உண்டு. உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள், அதற்கேற்பக் கூடுதல் வாரங்களை ஒதுக்குங்கள். விண்ணப்பிக்க வேண்டியது சுற்றுலாவுக்கான வழக்கமான பாஸ்போர்ட்டில். குழந்தைக்குப் புதிய பாஸ்போர்ட் எடுத்திருந்தால், அதன் நகலையும் புதிய புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் ஓ.சி.ஐ. இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலம் ஃபிராங்ஃபர்ட்டிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது.